ஹீத் எரிஞ்சுபோச்சு, அங்க இருந்த பாம்பு பல்லியெல்லாம் திரும்ப வருமா?

பூல்_குமரன்:

வணக்கம் மக்களே. நான் இருக்கிறது இங்கிலாந்துல டார்செட், பூல் ஊரை ஒட்டி. வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு ஹீத் இருக்கு. பார்க்காதவங்களுக்காக சொல்றேன், மரம் அதிகம் இல்லாத மணல் நிலம், முழங்கால் உயரத்துக்கு ஹெதர் செடி, நடுநடுல மஞ்சப் பூ பூக்கிற கோர்ஸ் முள்ளுப்புதர், பள்ளமான இடத்துல சதுப்பு, அவ்வளவுதான், ஆனா ஆகஸ்ட்ல ஹெதர் பூத்துச்சுன்னா முழு இடமும் ஊதாவா மாறிடும்.

இந்த வருஷம் ஏப்ரல்ல அதுல பெரிய பகுதி எரிஞ்சிருச்சு. தீ அணைஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு ஓரத்துல இருக்கிற பாதை வழியா போய்ப் பார்த்தேன், கரிக்குச்சி மட்டும்தான் நிக்குது. பாதை ஓரமாவே ஒரு ஸ்லோ வொர்ம் கருகிக் கிடந்துச்சு (தெரியாதவங்களுக்கு, அது பாம்பு மாதிரி இருக்கிற காலில்லாத பல்லி), கொஞ்சம் தள்ளி இன்னும் ஒண்ணு. மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு. பறவைன்னா பறந்துரும், மான் ஓடிரும், இதுங்க எங்க போகும்?

என் கேள்வி என்னன்னா, எரியும்போது இதுல எத்தனை தப்பிக்கும், தப்பிச்சதுங்க அப்புறம் எப்படி வாழும், பழைய நிலைக்கு வர எவ்வளவு வருஷம் ஆகும். இன்னொண்ணு, நானும் என் பசங்களும் போய் கட்டையெல்லாம் புரட்டிப் பார்த்து உயிரோட இருக்கிறதை எடுத்து பக்கத்துல எரியாத இடத்துல விடலாமா? பக்கத்து வீட்டுக்காரர் மரக்கன்னு நடலாம்னு சொல்றார், அதுக்கும் ரெடியாத்தான் இருக்கோம். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹெதர்வாசி:

குமரன், முதல்ல கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிடுறேன் ஏன்னா அதுதான் அவசரம். தயவுசெஞ்சு உள்ள போகாதீங்க, கட்டையைப் புரட்டாதீங்க. உங்க எண்ணம் நல்லது, ஆனா தப்பிச்ச உயிர்களுக்கு இப்ப இருக்கிற ஒரே மறைவே அந்த எரிஞ்ச கட்டைக்கு அடியிலயும் மண் பொந்துக்குள்ளயும்தான், அதைக் கலைச்சா அதுங்களுக்கு வேற போக்கிடம் கிடையாது. சட்டமும் இருக்கு. ஸ்மூத் ஸ்நேக்ங்கிற பாம்பு, சாண்ட் லிசர்ட்ங்கிற பல்லி ரெண்டையும் லைசென்ஸ் இல்லாம பிடிக்கிறதோ தொந்தரவு பண்றதோ குற்றம், இந்த நாட்டுல இருக்கிற மத்த நாலு ஊர்வன வகையையும் கொல்றது காயப்படுத்துறது 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தீ முடிஞ்ச உடனே லைசென்ஸ் உள்ள ஆளுங்க வந்து தேடுறது உண்டு, டார்செட்ல ஏஆர்சி டிரஸ்ட் (தவளை, ஊர்வன பாதுகாப்பு அமைப்பு) ஆபீஸே பக்கத்துல போர்ன்மவுத்ல இருக்கு, அவங்களுக்குத் தகவல் சொல்லுங்க, அது போதும்.

சரி இப்ப விஷயத்துக்கு வரேன், நான் பல வருஷமா இந்த ஹீத்கள்ல ஊர்வன சர்வேக்கு வாலன்டியரா போறவன், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

பிரிட்டன்ல இயற்கையா இருக்கிற ஊர்வன மொத்தமே ஆறு வகைதான். ஆடர், கிராஸ் ஸ்நேக், ஸ்மூத் ஸ்நேக்னு மூணு பாம்பு, காமன் லிசர்ட், சாண்ட் லிசர்ட், ஸ்லோ வொர்ம்னு மூணு பல்லி. ஆறும் சேர்ந்து இருக்கிற இடம் நாட்டுலயே கொஞ்சம்தான், அதுல உங்க டார்செட் ஹீத் முக்கியமானது. ஸ்மூத் ஸ்நேக் எல்லாம் டார்செட், ஹாம்ப்ஷயர், சர்ரேன்னு தெக்குப் பக்கம் ஹீத்தை விட்டா பெருசா வேற எங்கயும் கிடையாது. அதனால இங்க எரியறது வேற ஊர்ல புல்லு எரியற மாதிரி கிடையாது.

எரியும்போது எத்தனை சாகும்ங்கிறது எந்த மாசம் எரியுது, எவ்வளவு வேகமா எரியுதுங்கிறதைப் பொறுத்தது. மண்ணு நல்ல காப்பு. மேல ஹெதர் கொழுந்துவிட்டு எரிஞ்சாலும் தீ வேகமா கடந்து போயிருச்சுன்னா சில சென்டிமீட்டர் அடியில சூடு அவ்வளவா இறங்காது. எலி பொந்து, பழைய வேர் அழுகி உண்டான ஓட்டை, மணல்ல சாண்ட் லிசர்ட் தோண்டின குழி, இதுக்குள்ள இருந்ததுங்க பொழைச்சுக்கும். செடிக்குள்ளயும் காய்ஞ்ச சருகுக்குள்ளயும் இருந்ததுங்க பொழைக்காது. ஸ்லோ வொர்ம் அதிகமா செத்துக்கிடக்கிறதைப் பார்க்கிறோம்னா அதுக்குக் காரணம் அது பெரும்பாலும் அந்த சருகுக்குள்ளதான் இருக்கும், வேகமாவும் ஓடாது.

ஏப்ரல் மோசமான மாசம். ஆடர் குளிர்தூக்கத்துல இருந்து பிப்ரவரி மார்ச்ல வெளிய வந்து, அதே பொந்துக்குப் பக்கத்துலயே வாரக்கணக்கா வெயில் காய்ஞ்சுக்கிட்டு இருக்கும். வருஷா வருஷம் அதே இடத்துக்குத்தான் வரும், ஒரே குளிர்கால மறைவிடத்தைப் பல பாம்பு பகிர்ந்துக்கும். அதனால ஒரு குறிப்பிட்ட மேடு எரிஞ்சா அந்தப் பக்கத்து ஆடர் கூட்டத்துல பாதியே ஒரே மதியத்துல போயிரலாம். காலைக் குளிர்ல உடம்பு இன்னும் சூடேறாம இருக்கும், வேகம் வராது. அந்த மாசத்துலதான் போன வருஷத்து காய்ஞ்ச புல்லு எல்லாம் நின்னுக்கிட்டு இருக்கும், காத்து வறண்டு இருக்கும், தீ பிடிக்கவும் அதுதான் தோது.

ஆனா நான் இத்தனை வருஷத்துல பார்த்த வரைக்கும் தீ அணைஞ்ச பிறகு வர்ற ஆறு மாசம்தான் தீயை விட அதிகமா கொல்லுது. மறைவே கிடையாது. கருப்பு மண்ணு, அதுல ஒரு பல்லி நகர்ந்தா வானத்துல இருந்தே தெரியும். கெஸ்ட்ரல், பஸர்ட் மாதிரி வேட்டைப் பறவைங்க, காக்கா எல்லாம் எரிஞ்ச இடத்து மேலயே சுத்தும். மதியம் கருப்புத் தரை கொதிக்கும், ராத்திரி சில்லுனு ஆயிரும், செடி இருந்தப்ப அதுக்குள்ள நிழலுக்கும் வெயிலுக்கும் ஒரு அடி நகர்ந்தா போதும், இப்ப அந்த வசதி இல்ல. பூச்சி சிலந்தி குறைஞ்சதால பல்லிக்குச் சாப்பாடு இல்ல, பல்லி இல்லாததால ஸ்மூத் ஸ்நேக்குக்குச் சாப்பாடு இல்ல, அது முக்கியமா சாப்பிடுறதே பல்லி, ஸ்லோ வொர்ம், சின்ன எலிக்குட்டி இதுங்களைத்தான். அதனால பொந்துக்குள்ள பொழைச்ச உயிர் எல்லாம் உயிர்தப்பிச்சதா கணக்குப் போட முடியாது. எரியாத ஓரத்தை எட்டினாத்தான் தப்பிச்ச மாதிரி.

வருஷக் கணக்கு தனியா எழுதறேன், இப்ப வேலைக்குப் போகணும்.

கானகன்:

ஒரு சந்தேகம், எதிர்வாதம்னு எடுத்துக்காதீங்க. ஹீத்ங்கிறதே மனுஷன் உண்டாக்கினதுதானே, வெண்கலக் காலத்துல காட்டை வெட்டி, ஆடு மாடு மேய்ச்சு, புதரை வெட்டி, எரிச்சு அப்படியே வச்சிருந்தது. ஹாம்ப்ஷயர் பக்கம் இருக்கிற நியூ ஃபாரஸ்ட்ல இன்னிக்கும் ஒவ்வொரு குளிர்காலமும் வேணும்னே எரிக்கிறாங்களே, அங்க ஊர்வன எல்லாம் நல்லாத்தானே இருக்கு? எரியலைன்னா பிர்ச்சும் பைனும் முளைச்சு காடாகிரும், அப்ப வெயில் இல்லாம பல்லியும் இருக்காது பாம்பும் இருக்காது. அப்படிப் பார்த்தா தீயை ஏன் இவ்வளவு பெரிய வில்லனா பார்க்கணும்?

மேகலா_சர்ரே:

கானகன் கேட்டது நியாயமான கேள்வி, நான் சர்ரே பக்கம் இருக்கேன், தர்ஸ்லி காமன்ங்கிற ஹீத் எனக்கு ரொம்ப பழக்கமான இடம், அதை வச்சு சொல்றேன்.

நியூ ஃபாரஸ்ட்ல எரிக்கிறது எப்ப? நவம்பர்ல இருந்து மார்ச் கடைசிக்குள்ள, அதுக்கு மேல தாழ்நிலத்துல எரிக்க இங்கிலாந்து விதி அனுமதிக்காது. அந்த நேரத்துல ஊர்வன மண்ணுக்கு அடியில தூங்குது. மண்ணு ஈரமா இருக்கும், அதனால தீ மேலோட்டமா போயிரும், வேர் பொழைக்கும். எரிக்கிறதும் முழு இடத்தையும் இல்ல, சின்னச் சின்னத் துண்டா, சுத்தி தீத்தடுப்புப் பட்டை வெட்டி, ஒரு துண்டு இந்த வருஷம் இன்னொரு துண்டு வேற வருஷம்னு. அப்ப பக்கத்துலயே வேற வயசு ஹெதர் இருக்கும், முழிச்சு வர்ற பல்லி நகர்ந்து போயிக்கலாம். அதுலயும் குறை இல்லாம இல்ல, மார்ச் கடைசில வெயில் அடிச்ச நாள்ல எரிச்சா ஆடர் ஏற்கனவே வெளிய வந்திருக்கும், குளிர்கால மறைவிடம் எங்க இருக்குன்னு தெரியாம எரிச்சா அந்த மேட்டுல வெயில் காய மறைவு போயிரும், ஊர்வன ஆளுங்க இதைப் பத்தி நிறைய சண்டை போட்டிருக்காங்க, எனக்கும் அதுல அவங்க பக்கம்தான். ஆனாலும் அதையும் 2020 மே 30 தர்ஸ்லில பிடிச்ச தீயையும் ஒரே தராசுல வைக்க முடியாது.

அன்னைக்கு சுமார் 150 ஹெக்டேர் எரிஞ்சுச்சு. அதே மாசம் 18ஆம் தேதி உங்க டார்செட்ல வேர்ஹாம் ஃபாரஸ்ட்ல பிடிச்சது 200 ஹெக்டேருக்கு மேல, கிட்டத்தட்ட ரெண்டு வாரம் அணைக்க வேண்டியிருந்துச்சு. அந்த வசந்த காலத்துல மழை ரொம்பக் கம்மி. மே கடைசிங்கிறது சாண்ட் லிசர்ட் பெண் முட்டை போடுற சமயம். ஆடரும் ஸ்மூத் ஸ்நேக்கும் முட்டை போடாது, உயிரோட குட்டி போடும், அதுங்க வயித்துல குட்டியை வச்சுக்கிட்டு வெயில் காயற நேரம். சுமந்துக்கிட்டு இருக்கிற பெண் ஒண்ணு செத்தா அந்த வருஷத்துக் குட்டியும் சேர்ந்து போச்சு, அடுத்த குட்டி வர வேண்டிய வருஷங்களும் போச்சு, ஏன்னா பெண் ஆடர் வருஷா வருஷம் குட்டி போடாது, பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை, சாப்பாடு சரியில்லன்னா அதையும் தள்ளிப்போடும்.

சாண்ட் லிசர்ட் முட்டை விஷயத்துல ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அது முட்டை போடுறது செடியே இல்லாத வெறும் மணல்ல. அங்க எரியறதுக்கு ஒண்ணும் இல்ல, அதனால முட்டை தப்பிச்சுரலாம். ஆனா ஆகஸ்ட் செப்டம்பர்ல பொரிஞ்சு வெளிய வர்ற விரல் நீளக் குஞ்சு எங்க ஒளியும்? சுத்தி ஒரு செடி இல்ல.

தர்ஸ்லில என்னை ரொம்ப வதைக்கிறது வேற. அங்க 2006 ஜூலைலயும் பெரிய தீ. அதுக்கப்புறம் பதினாலு வருஷம் கழிச்சு மறுபடி. ஹெதருக்கு ஒரு வாழ்க்கை கணக்கு இருக்கு, முதல் ஆறு வருஷம் கிட்ட இளசா அங்கங்க நிக்கும், அப்புறம் பதினைஞ்சு வருஷம் வரைக்கும் அடர்த்தியா மேல வரும், அதுக்கப்புறம்தான் முத்தி, நடுல விரிஞ்சு, அடியில பாசியும் சருகும் சேர்ந்து, வெயிலும் நிழலும் கலந்து கிடைக்கும். ஸ்மூத் ஸ்நேக்கும் சாண்ட் லிசர்டும் அந்த முத்தின ஹெதரைத்தான் தேடுது. ரெண்டு தடவையும் எரிஞ்ச இடத்துல இருந்த உயிர்களுக்கு அந்த வயசு வர்றதுக்கு முன்னாடியே திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிருச்சு. அதனால கானகன், கேள்வி தீ நல்லதா கெட்டதாங்கிறது இல்ல, ரெண்டு தீக்கு நடுல எவ்வளவு வருஷம், பக்கத்துல எரியாத இடம் எவ்வளவுங்கிறதுதான்.

கானகன்:

புரிஞ்சுது மேகலா. அந்த பதினாலு வருஷக் கணக்கு நான் யோசிக்கவே இல்லாத கோணம். அப்போ பழைய காலத்துலயும் தீ வந்திருக்குமே, அப்ப எப்படி தாங்குச்சு?

மேகலா_சர்ரே:

அப்ப ஹீத் ஒண்ணோட ஒண்ணு தொடர்ந்து மைல் கணக்கா இருந்துச்சு. இங்கிலாந்துல தாழ்நில ஹீத்ல அஞ்சுல நாலு பங்குக்கு மேல 1800க்கு அப்புறம் போயிருச்சு, விவசாயம், பைன் தோட்டம், வீடு. மிச்சம் இருக்கிறது ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுல மாட்டின தீவுகள். ஒரு தீவு எரிஞ்சா பக்கத்துத் தீவுல இருந்து நடந்து வர்றதுக்கு வழி இல்ல. ஒரு சாண்ட் லிசர்ட் நாலுவழிச் சாலையைத் தாண்டி வந்து சேராது.

தீயணைப்பு_செல்வம்:

நான் இந்த நாட்டுல தீயணைப்புல வேலை பார்க்கிறேன், வேலைக்குப் போற நேரம் போக மிச்ச நேரம் கூப்பிட்டா போற ஆன் கால் ஆளா. ஊர்வன பத்தி எனக்கு அவ்வளவு தெரியாது, தீ எப்படிப் போகும்னு தெரியும், அது இங்க உதவும்னு நினைக்கிறேன்.

ஹீத் தீல ஒரே மாதிரி எல்லா இடமும் எரியாது. காத்து அடிக்கிற திசைல போற முன்பக்கத் தீ வேகமா, உயரமா போகும், பார்க்க பயங்கரமா இருக்கும் ஆனா ஒரு இடத்துல ரொம்ப நேரம் நிக்காது. காத்துக்கு எதிர்த்து மெதுவா ஊர்ந்து வர்ற பின்பக்கத் தீ சின்னதா தெரியும், ஆனா ஒவ்வொரு அடிலயும் நின்னு நிதானமா எரிச்சுட்டுப் போகும், தரையை அதிகமா சூடாக்கும். கோர்ஸ் புதர்ல எண்ணெய் இருக்கு, பச்சையா இருந்தாலும் வெடிச்ச மாதிரி எரியும். சரிவுல மேல் நோக்கிப் போனா வேகம் கூடும். ஈரமான பள்ளம், சதுப்பு, அகலமான மணல் பாதை இதெல்லாம் வந்தா தீ உடைஞ்சு ரெண்டா பிரியும், அதனால அணைஞ்ச அப்புறம் பார்த்தா நடுல அங்கங்க பச்சைத் திட்டு எரியாம நிக்கும்.

கோடைல, மண்ணு காய்ஞ்சு போயிருந்தா வேற கதை. ஹெதருக்கு அடியில இருக்கிற கருப்பு மக்கு, சதுப்பு ஓரத்துல இருக்கிற பீட் (பாதி மக்கின செடி சேர்ந்து உண்டான மண்ணு), இது பிடிச்சா கொழுந்து தெரியாது, புகைஞ்சுக்கிட்டே அடிக்குள்ள போகும், நாள் கணக்கா. மேல ஆறிப்போன மாதிரி இருக்கும், கால் வச்சா உள்ள வாங்கும், பூட் உருகும். அதனால குமரன் சார், பசங்களைக் கூட்டிட்டு எரிஞ்ச இடத்துக்குள்ள போகாதீங்கன்னு நானும் சொல்றேன், அது உங்க பாதுகாப்புக்காக. மக்கு எரிஞ்சா பொந்துல இருக்கிற உயிருக்கும் மேல சொன்ன காப்பு கிடையாது, அது இருக்கிற இடமே எரியுதே.

இன்னொரு விஷயம் நாங்க அடிக்கடி பேசறது. ஊரை ஒட்டின ஹீத்ல தீ அதிகம். மின்னல்ல பிடிக்கிறது அபூர்வம், கிட்டத்தட்ட எல்லாமே மனுஷன் கை. வேர்ஹாம்ல தீ நடந்த பகுதில ஒரு தடவை யூஸ் பண்ணித் தூக்கிப்போடுற பார்பிக்யூ ட்ரே, கேம்ப்ஃபயர் போட்ட இடம்னு நிறைய கிடைச்சுச்சு. அந்த ட்ரே அணைஞ்ச மாதிரி தெரியும், அடியில மணிக்கணக்கா சூடு இருக்கும், காய்ஞ்ச செடி மேல வச்சா போதும். டார்செட்ல பாதுகாக்கப்பட்ட ஹீத்ல இருந்து 400 மீட்டருக்குள்ள புது வீடு கட்ட விடுறது இல்லன்னு விதி வச்சதுக்கு இந்தத் தீயும் ஒரு காரணம், பூனையும் ஒரு காரணம்னு கேள்விப்பட்டேன்.

புகை பார்த்தா யாராவது கூப்பிட்டிருப்பாங்கன்னு விட்டுடாதீங்க, உடனே 999க்கு (இங்க அவசர உதவி நம்பர்) கூப்பிடுங்க. ஹீத்ல தெரு நம்பர் கிடையாது, அதனால எந்த கார் பார்க், எந்த கேட் பக்கம்னு சொன்னா பெரிய உதவி. முதல் பத்து நிமிஷத்துல வந்தா ஒரு புதரோட முடியறது, லேட் ஆனா மேட்டைத் தாண்டிரும். ஹீத் கேட் முன்னாடி காரை அடைச்சு நிறுத்தாம இருக்கிறதும் இதுல சேரும், நல்ல வெயில் ஞாயித்துக்கிழமைல எங்க வண்டி உள்ள போக முடியாம நின்ன சந்தர்ப்பம் உண்டு.

பூல்_குமரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விஷயம் வரும்னு நினைக்கல. உள்ள போகல, பசங்க கிட்டயும் காரணம் சொல்லிட்டேன். செல்வம் அண்ணா சொன்ன மாதிரி இங்கயும் சதுப்புப் பக்கம் ஒரு திட்டு எரியாம நிக்குது, தெக்கு ஓரத்துலயும் ஒரு பட்டை முழுசா பச்சையா இருக்கு. ஹெதர்வாசி அண்ணா அந்த வருஷக் கணக்கை எழுதுங்க. மரம் நடுறது பத்தியும். ஹெதர் விதை வாங்கித் தூவலாமான்னும் பெரிய பையன் கேக்குறான்.

ஹெதர்வாசி:

விதை தூவ வேண்டாம் குமரன், பையன் கேட்டது நல்ல கேள்வி. ஹெதர் விதை மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் உயிரோட கிடக்கும், புகையும் சூடும் பட்டதும் முளைக்கிறதுக்கு அதுக்கு ஒரு தூண்டுதல் மாதிரி. வேர் அடி பொழைச்சிருந்தா அதுல இருந்தும் துளிர் விடும். ஏப்ரல்ல எரிஞ்சது, மண்ணு இன்னும் ஈரமா இருந்த நேரம், அதனால உங்க ஹீத்ல செடி திரும்புறதுக்கு வாய்ப்பு நல்லாவே இருக்கு. ஏப்ரல் தீல மேல இருக்கிற உயிருக்கு ஆபத்து அதிகம், மண்ணுக்கு ஆபத்து குறைவு. கோடைத் தீ அப்படி இல்ல, செல்வம் சொன்ன மாதிரி மக்கு வரைக்கும் எரிஞ்சா விதையும் வேரும் சேர்ந்து போயிரும், அந்த இடத்துல ஹெதருக்கு முன்னாடி மூர் புல்லும் பிராக்கன்ங்கிற பெரணியும் பிர்ச் மரமும் வந்து உக்காந்துரும். 2022 ஜூலை ஆகஸ்ட்ல எரிஞ்ச இடங்கள்லயும், 2025 ஆகஸ்ட்ல டார்செட் ஹோல்ட் ஹீத்ல எரிஞ்ச இடத்துலயும் எனக்கு அந்தக் கவலைதான்.

மரம் நடவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் கிட்ட பக்குவமா சொல்லுங்க, காடு எரிஞ்சா மரம் நடலாம், ஹீத்ல மரம் வந்தா நிழல் விழுந்து ஊர்வனக்கு இடமே இல்லாம போயிரும். அடுத்த சில வருஷம் அங்க வேலையே தானா முளைக்கிற பிர்ச், பைன் கன்னைப் பிடுங்குறதுதான். குளிர்காலத்துல அதுக்கு வாலன்டியர் நாள் வைப்பாங்க, பசங்களோட போக நல்ல வேலை, கையால பிடுங்குற அளவுலதான் இருக்கும்.

வருஷக் கணக்கு ஒவ்வொரு வகைக்கும் வேற வேற. முதல்ல தெரியறது காமன் லிசர்ட், மூர் புல்லுக் கத்தை கொஞ்சம் வளர்ந்தாலே அதுக்குள்ள ஒளிஞ்சு சமாளிக்கும், ஈரமான பக்கத்துல இருந்து ரெண்டு மூணு வருஷத்துலயே பரவ ஆரம்பிக்கிறதைப் பார்த்திருக்கேன். கிராஸ் ஸ்நேக் தண்ணி இருக்கிற பக்கம் சுத்துற பாம்பு, தூரமும் போகும், அதைப் பத்தி எனக்கு பெரிய கவலை இல்ல. ஆடர் விஷயம் முழுக்க அந்தக் குளிர்கால மேடு தப்பிச்சுதாங்கிறதுல இருக்கு. மேடு இருந்து பெண் பாம்பு கொஞ்சம் பொழைச்சிருந்தா மெதுவா ஏறும், இல்லன்னா அந்தப் பக்கம் பல வருஷம் வெறுமையாவே கிடக்கும், ஏன்னா ஆடர் புது இடம் தேடி அலையற பழக்கம் குறைவு.

சாண்ட் லிசர்டுக்கு ஹெதர் பத்து வருஷத்தை நெருங்கி அடர்த்தியாகி, பக்கத்துலயே வெயில் படற வெறும் மணல் இருந்தா வரத் தொடங்கும். இங்க மனுஷன் செய்ய முடிஞ்சது ஒண்ணு இருக்கு. தீத்தடுப்புக்காக வெட்டுற மணல் பட்டையை தெக்கு பார்த்த சரிவுல, முத்தின ஹெதருக்கு ஒட்டி வெட்டினா, தீயும் நிக்கும், சாண்ட் லிசர்ட் அதுலயே முட்டையும் போடும். ஒரே வேலைல ரெண்டு பயன், இதை எல்லா ஹீத்லயும் செய்யணும்னு நான் வருஷக்கணக்கா எல்லார் கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

கடைசியா ஸ்மூத் ஸ்நேக். அதுக்கு பதினைஞ்சு இருபது வருஷம்னு வச்சுக்கோங்க, அதுவும் நடுல மறுபடி எரியலைன்னா. அது திறந்த வெளில வந்து வெயில் காயறது கம்மி, ஹெதருக்குள்ளயே சுத்தும், நாங்க கூட தகர ஷீட் போட்டு வச்சு லைசென்ஸோட தூக்கிப் பார்த்தாத்தான் இருக்குன்னே தெரியும். முத்தின செடியும் வேணும், அதுக்குள்ள சாப்பிட பல்லியும் நிறைய வேணும், அதனால மத்ததெல்லாம் திரும்பின பிறகுதான் அது திரும்பும்.

வெளிய இருந்து கொண்டு வந்து விடலாமான்னு அடுத்து கேப்பீங்க. சாண்ட் லிசர்டை வளர்த்து குஞ்சுகளை இலையுதிர் காலத் தொடக்கத்துல விடுற வேலை பல வருஷமா நடக்குது, பல இடத்துல அது அழிஞ்சு போன பிறகு அப்படித்தான் திரும்பி வந்துச்சு. ஆனா எரிஞ்ச மறுவருஷம் கொண்டு வந்து விட்டா கெஸ்ட்ரலுக்குத் தீனி போட்ட மாதிரிதான். செடி வரணும் முதல்ல. உங்க இடத்துல எரியாத பட்டை இருக்குன்னு சொன்னீங்க, அப்ப பெரும்பாலும் கொண்டு வரவே தேவைப்படாது, அந்தத் தெக்கு ஓரமும் சதுப்புத் திட்டும்தான் விதைநெல் மாதிரி, அங்க இருந்துதான் மொத்த ஹீத்தும் நிரம்பணும். அதனால எனக்கு இப்ப எரிஞ்ச பகுதியை விட அந்தப் பச்சை ஓரத்தைப் பத்தித்தான் அக்கறை. வழக்கமா நடக்கிற பாதை கருகிப் போனதால எல்லாரும் நாயோட அந்த ஓரத்துல நடக்க ஆரம்பிப்பாங்க, புதுசா ஒத்தையடிப் பாதை விழும், அதைத் தடுக்க முடிஞ்சா பெரிய விஷயம். இடத்தை நிர்வகிக்கிற ரேஞ்சர் கிட்ட பேசி ஒரு போர்டு வைக்கச் சொல்லுங்க, நாயைக் கயிறுல பிடிங்கன்னு. மாடு மேய விடுற ஹீத்தா இருந்தா அந்தத் திட்டுக்குள்ள மாடு கூட்டமா ஒதுங்காம வேலி போட முடியுமான்னும் கேளுங்க, எரிஞ்ச இடத்துல புல்லு இல்லாததால எல்லாம் அங்கதான் வந்து நிக்கும்.

பூல்_குமரன்:

ரேஞ்சருக்கு இன்னைக்கே மெயில் போடுறேன் அண்ணா. போர்டும் வேலியும் ரெண்டையும் கேக்குறேன். நாங்க பாதையில இருந்தே பார்த்து ஏதாவது பதிவு பண்ணலாமா, அது யாருக்காவது பயன்படுமா?

ஹெதர்வாசி:

கண்டிப்பா பயன்படும். எரிஞ்ச முதல் வருஷத்துல எது எங்க தெரிஞ்சுதுங்கிற தகவல்தான் அப்புறம் தீத்தடுப்புப் பட்டை எங்க வெட்டலாம் எங்க வெட்டக் கூடாதுன்னு முடிவு பண்ண உதவுது. காலைல ஒன்பது பத்து மணிக்கு, லேசா வெயில் வந்து இன்னும் குளிர் விடாத நேரம், பாதையிலயே நின்னு தெக்கு பார்த்த ஓரத்தைப் பொறுமையா பாருங்க. கிட்டப் போகாம ஃபோன்ல ஜூம் பண்ணி ஒரு படம், தேதி, வரைபடத்துல இடம். ஏஆர்சி டிரஸ்ட்டுக்கோ டார்செட் சுற்றுச்சூழல் பதிவு மையத்துக்கோ அனுப்பலாம். ஒண்ணும் தெரியலைன்னாலும் போன நாள், நேரம், வெயில் எப்படி இருந்துச்சுன்னு குறிச்சு வைங்க, இல்லைங்கிறதும் தகவல்தான். ஆடர் எந்த மேட்டுல காயுதுன்னு கண்டுபிடிச்சா மட்டும் அந்த இடத்தைப் பொதுவுல, இந்த மாதிரி இழைலயும் போடாதீங்க, படம் எடுக்கிறவங்க கூட்டம் வந்து மேட்டையே மிதிச்சிருவாங்க. நேரா பதிவு மையத்துக்கு மட்டும் சொல்லுங்க.